கூலியில் எழுதாத வேலை

வட அமெரிக்கச் சாலைகளில் உப்புத் தூவத் தொடங்கியதும் பழைய கார்கள் கொட்டகைக்குள் போய்விடும். எஞ்சின்கள் பட்டறைக்கு வரும். இறக்கியதுதான் இறக்கினோம், ஸ்ட்ரோக்கையும் கூட்டிவிடலாமே என்பார் வாடிக்கையாளர். பெரும்பாலும் அவர் கேட்பது ஷெவ்ரலே 350-ஐ 383 ஆக்கித் தரச்சொல்லித்தான்.

கணக்கு எளிது. 4.000 அங்குல போரை 0.030 அங்குலம் பெரிதாக்கி, 3.48 அங்குல ஸ்ட்ரோக்கை 3.75 ஆக்கினால் 383 கன அங்குலம். முன்பு 400 எஞ்சினின் கிராங்க்கை எடுத்து, மெயின் ஜர்னலை 2.65 அங்குலத்திலிருந்து 2.45-க்குக் கடைந்து போட்டார்கள். இன்று 350 பிளாக்குக்கென்றே செய்த கிராங்க், ராட், பிஸ்டன் எல்லாம் ஒரே பெட்டியில் வருகின்றன. பிரித்து மாட்டினால் போதும் என்ற நினைப்பும் அந்தப் பெட்டியோடுதான் வந்தது.

கிராங்க் பின் மையத்திலிருந்து 0.135 அங்குலம் கூடுதலாகத் தள்ளிச் சுற்றுகிறது. ராட் போல்ட் கீழே ஆயில் பேன் விளிம்பருகே பிளாக்கில் இடிக்கலாம்; மேலே கேம் லோபை உரசலாம். கேம் பாதி வேகத்தில் சுற்றுவதால், டைமிங் செயினைச் சரியாகப் பூட்டி, கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்கவேண்டும். ஒரு சுற்றோடு நிறுத்தியவர் பாதியைத்தான் பார்த்திருக்கிறார். 0.050 அங்குலமாவது இடைவெளி வேண்டும். பிளாக்கில் குறைந்தால் தேய்க்கலாம். ஆழம் மீறினால் தண்ணீர் ஜாக்கெட் ஓட்டையாகும். கேமில் குறைந்தால் லோபில் கைவைக்காதீர்கள், ராட்டையோ கேமையோ மாற்றுங்கள். தேய்த்த பிளாக்கைக் கழுவாமல் பேரிங் போடுகிறவருக்குச் சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை.

கம்ப்ரஷனும் தானாக ஏறும். மேலே மிஞ்சும் இடம் 85 சி.சி. என்றால், அதே போரில் பழைய ஸ்ட்ரோக்குக்கு 9.6 இருந்தது புதியதற்கு 10.2 ஆகிவிடும். 400-இன் கிராங்க் என்றால் அதற்குரிய டாம்பரும் ஃபிளைவீலும் வேண்டும். 350-இல் இருந்ததையே மாட்டினால் எஞ்சின் அதிரும்.

இத்தனையும் தெரிந்தவர்களே ஏன் தவறவிடுகிறார்கள்? பெட்டியின் விலையையும் போர் போடும் கூலியையும் சொல்லி ஒப்புக்கொள்கிறோம். பொருத்தி, அளந்து, மறுபடி பிரிக்கும் நேரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. வசந்தம் நெருங்கி வாடிக்கையாளர் அவசரப்படுத்தும்போது, காசில்லாத அந்த வேலைதான் முதலில் வெட்டுப்படுகிறது.

இந்தப் பனிக்காலத்திலிருந்து, ஒத்திகைப் பொருத்தலுக்கான கூலியை மதிப்பீட்டுத் தாளிலேயே தனி வரியாக எழுதுங்கள். அளந்த எண்களையும் எஞ்சினோடு சேர்த்துக் கொடுங்கள்.