பிரித்தானியா கைவிட்ட ஊசியா?

“பிரித்தானியாவே பீ.சீ.ஜி. ஊசியைக் கைவிட்டுவிட்டது, நம் குழந்தைகளின் தோளில் மட்டும் ஏன் இந்தத் தழும்பு?” இக்கேள்வி இன்று படித்தவர் வாயிலிருந்தே பிறக்கின்றது. வேப்பிலையும் மந்திரமும் போதுமென்பாரை வேறு வழியில் எதிர்கொள்ளலாம். விஞ்ஞானத்தின் பெயரால், அரைப் பக்கம் வாசித்துவிட்டு வாதிடுவோரே நம்மை எழுதத் தூண்டினர். அவர்களுள் ஆசிரியர்களும் உளர் என்பது வெட்கக்கேடு.

பிரித்தானியா கைவிட்டது எதனை? 1953ஆம் ஆண்டு தொடங்கி அந்நாட்டுப் பாடசாலைகளில் பதின்மூன்று வயதளவினரான மாணவர்க்கு இவ்வூசி போடப்பட்டு வந்தது. முன்னங்கையில் ஆறு நுண்ணூசிகளாற் குத்திச் சோதித்து, காசநோய்க் கிருமியை முன்னரே சந்தித்திராதவர்க்கு மட்டும் தடுப்பூசி போட்டனர். பதின்மூன்று வயதைத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. தொழிலாளர் பிள்ளைகள் அக்காலத்திற் பதினைந்து வயதிற் படிப்பை விட்டு ஆலைக்குச் சென்றனர். நோயும் அவ்விளம் பருவத்தினரைத் தேடிப் பிடித்தது. ஆலை வாயிலை அடையுமுன் பாடசாலையிலேயே அவர்களைக் காக்க வேண்டியிருந்தது. ஆண்டுக்கு 50,000 அளவிற் புதிய நோயாளர் தோன்றிய நாடு அது. 1987இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் அத்தொகை ஐயாயிரத்தை அண்மித்தது. பின்னர் அது மீண்டும் ஏறிற்று. ஆனால் எல்லா ஊர்களிலும் ஏறவில்லை. இலண்டன் போன்ற பெருநகரங்களின் நெருக்கமான குடியிருப்புகளிலும், வேற்று நாடுகளிலிருந்து பிழைக்க வந்தோரிடையேயுமே மிகுதியாக ஏறிற்று.

2005இற் பாடசாலைத் திட்டம் நிறுத்தப்பட்டது. நம் நண்பர்களின் அரைப் பக்கம் இங்கே முடிந்துவிடுகின்றது போலும்! எஞ்சிய பகுதியையும் வாசித்திருப்பின், ஊசி நிற்கவில்லை, பாடசாலையிலிருந்து தொட்டிலுக்கு இடம் மாறிற்று என்பதை அறிந்திருப்பர். இலட்சம் பேருக்கு ஆண்டொன்றில் நாற்பது நோயாளரோ அதற்கு மேலோ காணப்படும் பகுதிகளிற் பிறக்கும் குழந்தைகளுக்கும், அத்தகைய நாட்டிற் பிறந்த பெற்றோரையோ பாட்டன் பாட்டியையோ உடைய குழந்தைகளுக்கும் ஊசி வழங்குவதென அவ்வரசு விதித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி இலங்கையும் அந்த நாற்பதைத் தாண்டிய நாடே. அதாவது, யாழ்ப்பாணத்திற் பிறந்த ஒரு பாட்டியின் பேரன் இலண்டனிற் பிறந்தால், பாட்டியின் பிறந்த நாட்டைக் காரணமாக வைத்தே அவனுக்கு ஊசி கொடுப்பர். அப்பாட்டியின் ஊரிலேயே பிறந்த பிள்ளைக்கு அது வேண்டாமென்று, அதே பிரித்தானியாவைச் சாட்சிக்கு அழைக்கின்றனர் நம் நண்பர்கள்!

செங்கல்பட்டுப் பரிசோதனையையும் சிலர் எடுத்துக்காட்டுவர். இதனை நாம் தட்டிக்கழிக்கப் போவதில்லை. 1968இல் தமிழகத்தின் அம்மாவட்டத்தில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களிடையே தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்த அவ்வாராய்ச்சி, வளர்ந்தோரின் நுரையீரல் நோயை இவ்வூசி தடுக்கவில்லை என்று காட்டிற்று. பிரித்தானிய மாணவரிடையே ஐந்தில் நான்கு பங்களவு காப்பளித்த ஊசிக்கு இங்கே ஏன் இக்கதி? மண்ணிலும் நீரிலும் வாழும் அதன் இனக் கிருமிகள் நம் உடலை முன்னரே பழக்கிவிடுகின்றன என்பது ஒரு விளக்கம். ஆனால் செங்கல்பட்டில் எண்ணப்பட்டவர்கள் நுரையீரல் நோயாளர். தொட்டிற் குழந்தையின் மூளையுறையைத் தாக்கும் காசநோயை அங்கே எவரும் எண்ணவில்லை. பிறந்தவுடன் போடப்படும் ஊசி அக்கொடுமையைப் பெருமளவு தடுக்கின்றது என்பதைப் பல நாடுகளின் அனுபவம் நிறுவியுள்ளது. நம் மகப்பேற்று விடுதிகளில், தாய் வீடு திரும்புமுன்பே பிள்ளைக்கு ஊசி போடுவது அதன் பொருட்டே. 1955இல் இராஜாஜி இவ்வூசியை எதிர்த்து எழுதியபோது செங்கல்பட்டு முடிவு எவரிடமும் இருக்கவில்லை. இன்று அதனைக் கையில் வைத்துக்கொண்டும் பிழையாய் வாசிப்போரை என்னென்பது?

இதனால் அரசாங்கங்களுக்கு நாம் நற்சான்று வழங்குகின்றோம் என எவரும் கொள்ளவேண்டாம். இங்கிலாந்திற் காசநோய்ச் சாவுகள் 1953க்குப் பல பத்தாண்டுகள் முன்பே, மருந்தும் ஊசியும் வருமுன்பே, வீழத் தொடங்கியிருந்தன. உணவா, வீடா, நோயாளரைப் பிரித்து வைத்ததா, எது முதன்மையானதென அறிஞர் வாதிடுவர். தொழிலாளி போராடிப் பெற்ற கூலியை அக்கணக்கிலிருந்து நீக்க நாம் உடன்படோம். ஒரு சிறு குப்பி மருந்து மலிவு. காற்றோட்டமுள்ள வீடு செலவு. எனவே ஆட்சியாளர் முன்னதைக் கொடுத்துவிட்டுப் படம் பிடித்துக்கொள்வர். இலங்கையில் நோயாளர் மிகுதியாகப் பதிவாகும் மாவட்டம் கொழும்பு. அங்குள்ள முடுக்குகளில் ஒரே அறையில் உறங்கும் குடும்பங்களுக்கும், மலையகத்து லயக் காம்பராக்களுக்கும் எந்தக் குப்பியும் சாளரம் வைக்காது.

ஊசியை எதிர்க்கும் நண்பர்கள் உண்மையாகவே சினங்கொள்ள விரும்பினால், அதற்குரிய பொருள் ஒன்றுண்டு. பிரித்தானியாவுக்கு இம்மருந்தை அனுப்பி வந்தது டென்மார்க்கின் அரச நிறுவனம். அங்கே உற்பத்தி தடைப்பட்டதும், 2015இற் பிரித்தானியக் குழந்தைகளின் ஊசி தாமதமாயிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2017இல், டென்மார்க் அரசு தன் தடுப்பூசி உற்பத்திச் சாலையைத் தனியாருக்கு விற்றுவிட்டது. அவ்விற்பனையைப் பற்றி நம் நண்பர்கள் எழுதுவரேல், முழுப் பக்கத்தையும் வாசிக்க நாம் ஆயத்தமாயிருக்கின்றோம்.