மருந்தும் மருந்தும் கூடினால்

இம்மாதம் நம் வீட்டில் நேர்ந்த ஒரு விபரீதத்தைச் சொல்ல விரும்புகிறோம். நாம் வைத்தியம் கற்றவரல்லோம். ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவர். ஆயினும் பட்டவன் சொல்லும் வார்த்தைக்கும் ஒரு பயன் உண்டல்லவா?

சென்ற கோடையில் நம் தகப்பனார் திண்டுக்கல்லிலிருந்து இங்கு வந்து தங்கினார். இருதயத் துடிப்பு சீராக இல்லாமையால், இரத்தம் கட்டிக்கொள்ளாதிருக்க வார்பரின் என்னும் மாத்திரையை ஊர் வைத்தியர் கொடுத்திருந்தார். இரண்டு நாள் ரயில் பிரயாணத்தில் முழங்கால் வீங்கிவிட்டது. இதற்கெல்லாம் டாக்டர் எதற்கு என்று எண்ணி, நாமே கடையில் டைக்ளோபினாக் என்னும் வலி மாத்திரையை வாங்கிக் கொடுத்தோம். அவர் உண்டுவரும் மற்ற மாத்திரையைப் பற்றிக் கடைக்காரரிடம் நாம் வாய் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் மலம் தார் போலக் கறுத்தது. எழுந்து நின்றால் தலை சுற்றியது. வயிற்றினுள் இரத்தம் கசிகிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். இரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். “நீ கொடுத்ததாயிற்றே என்று சாப்பிட்டேனப்பா” என்றார் தகப்பனார். அந்தச் சொல் இன்னும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

டாக்டர் அம்மையார் பொறுமையுடன் விளக்கினார். வார்பரின், வைட்டமின் ‘கே’ செய்யும் வேலையைத் தடுத்து, இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிறது. வலி மாத்திரையோ இரைப்பையின் உட்புறத்தைப் புண்ணாக்கக் கூடியது. ஒன்று புண்ணை உண்டாக்க, மற்றொன்று அதிலிருந்து வடியும் இரத்தத்தை நிற்கவொட்டாமல் செய்துவிட்டது. தனித்தனியே இரண்டும் நல்ல மருந்துகளே.

இவ்வாறு கூடாத கூட்டு வேறு பலவும் உண்டு. தைராய்டு மாத்திரையுடன் இரும்புச் சத்து மாத்திரையோ கால்சியம் மாத்திரையோ சேர்ந்தால், குடலில் ஒன்றோடொன்று பிணைந்து, தைராய்டு மருந்து இரத்தத்தில் சரிவரச் சேராது. இரண்டுக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். க்ஷயரோகத்திற்குத் தரப்படும் ரிபாம்பிசின், கல்லீரலைத் தூண்டி மற்ற மருந்துகள் பலவற்றை விரைவில் அழித்துவிடும். கர்ப்பத்தடை மாத்திரையும் அதனால் பலிக்காமற் போகலாம். ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. அதை அறியாமல் ஜுர மாத்திரையையும் விழுங்கினால், அளவு மிஞ்சிக் கல்லீரல் கெடும்.

அயலூரில் வாழும் நமக்கு இவ்வபாயம் அதிகம். ஊரில் ஒரு வைத்தியர், இங்கே ஓர் ஆஸ்பத்திரி, தெருமுனையில் ஒரு கடை, பெட்டியில் ஊரிலிருந்து வந்த சூரணம். ஒருவர் கொடுத்ததை மற்றவர் அறியார். நம்மை நாடி வரும் பெற்றோருக்கோ இவ்வூர்ப் பாஷை தெரியாது. அவர்களுக்காக நாம்தான் பேச வேண்டும்.

ஆகவே, வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எழுதி வையுங்கள். கம்பெனி இட்ட பெயரை மட்டுமின்றி, அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரையும், அளவையும், உண்ணும் வேளையையும் குறியுங்கள். லேகியம், சூரணத்தையும் விட்டுவிடாதீர்கள். புதிய மருந்து எதை வாங்கினாலும் டாக்டரிடமோ கடைக்காரரிடமோ அத்தாளை முதலில் காட்டுங்கள். இதைப் படித்துப் பயந்து, உண்டுவரும் மருந்தைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது, அதுவும் ஆபத்தே.

தகப்பனார் சௌக்கியமாக ஊர் திரும்பிவிட்டார். அவர் சட்டைப் பையில் அத்தாள் இருக்கிறது. அதன் நகல் ஒன்று நம் மேஜையில் இருக்கிறது.