மருந்துக்கு மருந்து பகை

மருத்துவர் எழுதிக் கொடுக்கிறார். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார். ஒரே வயிற்றுள் சென்று சேரும் ஏழெட்டு வில்லைகள் தம்முள் ஒத்துப்போகின்றனவா என்று கட்டிலருகே நின்று காண்பவர் யார்? செவிலியரே! அவரையோ நாம் ஊசி குத்துபவர் என்னும் அளவிலேயே மதித்து வருகிறோம்.

என் தமையனார்க்கு அகவை 72. நெஞ்சாங்குலைத் துடிப்பு ஒழுங்கற்றிருந்தமையால், குருதி கட்டியாகாதிருக்க வார்பரின் உண்டு வந்தார். முழங்கால் வலிக்கென்று கடையில் தாமே கேட்டு வாங்கிய ஐபுபுரோபனையும் பத்து நாள் விழுங்கினார். "வலிக்குப் போடுவதுதானே!" என்று எவரிடமும் சொல்லவில்லை. வெளிக்குக் கறுத்துப் போயிற்று. ஒருநாள் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் செவிலியம்மை ஒருவர், "ஐயா, சீட்டில் இல்லாத மருந்து ஏதேனும் உண்டா? நாட்டு மருந்து, கடையிற் கேட்டு வாங்கியது?" என்று வினவினார். இல்லையென்றார் அண்ணன். அவர் விடவில்லை. "கைகால் வலிக்கு?" என்றார். அப்போதுதான் உண்மை வெளிவந்தது. வலி வில்லை இரைப்பையைப் புண்ணாக்கும். வார்பரினோ அப்புண்ணிலிருந்து வடியும் குருதியை எளிதில் நிற்க விடாது. இரண்டும் கூடியதே கேடு.

கீரையைப் பற்றியும் அவ்வம்மையாரே விளக்கினார். கீரையை விடவேண்டா, ஒரு கிழமை அள்ளி உண்டு மறு கிழமை அறவே ஒதுக்கினால்தான் வார்பரினின் அளவு தடுமாறும் என்றார்.

இவைபோல்வன பல. திகாக்சின் கொடுக்குமுன் செவிலியர் ஒரு நிமையம் முழுதும் நெஞ்சத் துடிப்பை எண்ணுவார். 60-க்குக் குறையின் கொடாது நிறுத்தி மருத்துவர்க்கு அறிவிப்பார். சிறுநீர் பெருக்கும் மருந்து உடனிருப்பின் விழிப்பு இன்னும் மிகும். உடலின் பொட்டாசியம் குறைந்தால் திகாக்சின் நஞ்சாகும். கேடயச் சுரப்பிக்குரிய வில்லையையும் இரும்பு வில்லையையும் நான்கு மணி நேரம் பிரித்துக் கொடுப்பதும் அவர் பணியே.

இத்துணைப் பொறுப்புடையாரைக் கூடம் முழுமைக்கும் ஒருவராக நிறுத்திவிட்டு, வினவ நேரமில்லை என்று அவரையே குறைகூறுவது என்ன முறை? மருந்தட்டையிலோ ஆங்கிலம்! படிக்கத் தெரியாத முதியவர் தாம் உண்பது இன்னதென்று எங்ஙனம் சொல்வார்? "வெள்ளை வில்லை, சிவப்பு வில்லை" என்பதே அவர்க்குத் தெரிந்த பெயர். பெயரும், எதற்கென்பதும், எதனோடு உண்ணலாகாது என்பதும் தமிழில் எழுதிய ஒரு தாளை நோயாளி கையிற் கொடுத்தனுப்பினால் செவிலியர் சுமையில் பாதி குறையும்.

அண்ணன் இப்போது மருத்துவமனைக்குச் செல்லும்போதெல்லாம் மஞ்சட்பையில் எல்லாவற்றையும் போட்டு எடுத்துச் செல்கிறார். சென்ற திங்கள் அதிலிருந்து அண்ணியார் கொடுத்த மூட்டுவலி இளகமும் வெளிப்பட்டது. செவிலியம்மை அதனைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மருத்துவரைக் கேட்டு வரச் சென்றார்.