அளந்த பிறகே பிஸ்டன்

நுவரெலியாவின் மஹகஸ்தோட்ட மலையேற்றக் கார் போட்டி 1934இல் தொடங்கியது. அதில் ஓடும் ஆசையோடு பழைய கொரோலாவின் எஞ்சினைப் பிரிப்பவர்கள் கண்டிப் பக்கத்தில் இன்றும் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, சொந்தக் கார் வாங்குவோருக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கையிலிருந்த எஞ்சினையே திருத்தி ஓட்ட வேண்டியிருந்தது. பல்லேகல, குண்டசாலை, திகன என்று எந்தக் கராஜில் பேச்சுக் கொடுத்தாலும் முதலில் வருவது, "எத்தனை ஓவர்சைஸ் போடலாம்?" என்ற கேள்வி, அதாவது மூல அளவைவிட எவ்வளவு பெரிய பிஸ்டன் என்று. அதற்கு முன் பிளாக்கை அளக்க வேண்டும். பலர் பிஸ்டன் செட்டை முதலில் வாங்கிவிட்டு, பிறகு பிளாக்கை லேத்துக்குக் கொண்டுபோகிறார்கள். காசு வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்பே சில விஷயங்கள் தெரிந்துவிடும். கம்ப்ரெஷன் குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் றிங்கோ சுவரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகிக்கலாம். ஆனால் மலைநாட்டில் இந்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது. கடல் மட்டத்தில் 180 பிஎஸ்ஐ காட்டும் நல்ல எஞ்சின், காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்த நுவரெலியாவில் 145 அளவில்தான் காட்டும். பல்லேகலவில் குறைவு ஐந்து சதவீதம் போல இருக்கும். கொழும்பில் எடுத்த எண்ணோடு மலையில் எடுத்ததை ஒப்பிட்டு, ஆரோக்கியமான எஞ்சினைப் பிரித்துப் போடுவது அநியாயம்.

பிரித்த பின் தேய்வு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சிலிண்டர் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் றிங் ஒரு கணம் நின்று திரும்பும் இடத்தில் ஒயில் படலம் மெலிந்துவிடும். எரியும் வாயுவின் அழுத்தமோ அங்கேதான் உச்சம். ஆகவே அதிகத் தேய்வு அங்கே விழும். றிங் எட்டாத அதற்கு மேலுள்ள விளிம்பு பழைய அளவிலேயே நிற்பதால், நகத்தால் தடவினால் ஒரு படி தட்டும். இன்னொரு தேய்வு பக்கவாட்டில் வருவது. கனெக்டிங் ராட் சாய்ந்து தள்ளுவதால் பிஸ்டன் கிராங்குக்குக் குறுக்கே உள்ள சுவரில் அழுந்தி, வட்டம் நீள்வட்டமாகிறது. மஹியங்கனைப் பக்கமிருந்து 18 வளைவுப் பாதையில் பாரத்தோடு கீழ் கியரில் ஏறிவரும் வாகனத்தில் இந்த அழுத்தம் நீண்ட நேரம் நிற்கிறது.

தூசியும் உண்டு. திகனப் பக்கத்து டொலமைட் தூசி வெள்ளையாகக் கண்ணில் படுவதால் அதன்மேல் பழி போடுவது சுலபம். ஆனால் டொலமைட் மென்மையான கல். கனிமங்களின் கடின அளவுகோலில் நாலைத் தாண்டாது. தெருமண்ணில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் ஏழு, இரும்பையே அராவும். நாலு சிலிண்டரும் மேல்பக்கம் ஒன்றுபோல அகன்றிருந்தால் முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியையும் அதன் குழாயையும் பாருங்கள். அதைத் திருத்தாமல் எஞ்சினை மட்டும் திருத்தினால் புதுச் சுவரும் அதே வழியில் போகும்.

அளப்பதற்கு போர் கேஜும், அதைச் சரிபார்க்க மைக்ரோமீட்டரும் வேண்டும். மேல், நடு, கீழ் என மூன்று ஆழத்திலும், கிராங்கின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளந்தால் ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவு. கழுவிய சூட்டோடு அளக்கக் கூடாது. பத்துப் பாகை வெப்ப வித்தியாசமே கார் எஞ்சினின் இரும்புச் சிலிண்டரை ஏறத்தாழ நூறில் ஒரு மில்லிமீட்டர் விரிக்கும். போர் கேஜ் இல்லாதவர் ஒரு றிங்கை மேலேயும் கீழேயும் நேராகத் தள்ளி, அதன் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்கலாம். இரண்டு இடைவெளிக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14ஆல் வகுத்தால் விட்டத்தில் உள்ள வித்தியாசம் கிடைக்கும். நீள்வட்டத்தை மட்டும் இந்த முறை காட்டாது.

இனிதான் ஓவர்சைஸ். டொயோட்டா 5ஏ-எஃப்ஈ எஞ்சினை எடுத்துக்கொள்வோம். போர் 78.7, ஸ்ட்ரோக் 77 மில்லிமீட்டர். மேலே 78.86 என்று அளவு வந்தால், தேய்வு 0.16தானே, 0.25 ஓவர்சைஸ் போதும் என்று தோன்றும். ஆனால் அந்தத் தேய்வு முழுவதும் ஒரு பக்கச் சுவரில் விழுந்திருக்கலாம். பழைய மையத்தை விடாமல் போர் செய்து அந்தப் பள்ளத்தை அழிக்க, விட்டத்தில் 0.32 எடுக்க வேண்டும், 0.25 எட்டாது. வாங்கி வைத்த பிஸ்டன் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். மையத்தைச் சற்று நகர்த்தி 0.25இல் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சிலிண்டர் கிராங்கின் நேர்மேலே நிற்காது. ஒரு சிலிண்டர் கெட்டிருந்தாலும் நாலுக்கும் அதே அளவு போட வேண்டும். இல்லையென்றால் அந்த ஒன்றுக்கு மட்டும் ஸ்லீவ் அடிக்க வேண்டும்.

பெரிய ஓவர்சைஸ் போட்டால் பவர் கூடும் என்ற நம்பிக்கையையும் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இந்த எஞ்சின் 1498 சீசீ. 0.50 போட்டால் 1517. கூடுவது 1.3 சதவீதம்கூட இல்லை. அதே சமயம் போட்டி வகுப்பின் 1500 சீசீ எல்லை தாண்டிவிடுகிறது; 0.25 போட்டாலே 1508. விதிநூலில் ரீபோருக்குச் சலுகை இருக்கிறதா என்று பார்க்காமல் அறுத்துவிட்டால், கார் மேல் வகுப்புக்குத் தள்ளப்படலாம். சுவரும் மெலிகிறது, மெலிந்த சுவர் சூட்டில் நெளியும். பவர் தருவது வட்டமும் நேருமான சுவரில் றிங் ஒட்டி ஓடுவதுதான்.

அதனால்தான் சாதாரண ஓட்டத்துக்குப் பொறுக்கிற தேய்வு வேகத்துக்குக் கட்டும் எஞ்சினில் பொறுக்காது. அங்கே நூறில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குமேல் நீள்வட்டம் இருக்கக் கூடாது. ஹெட் போல்ட்டை முறுக்கும்போதும் சுவர் அந்த அளவுக்கு நெளியக்கூடும். தடித்த உலோகத் தட்டொன்றை ஹெட் போல போல்ட் போட்டு இறுக்கிவைத்து ஹோனிங் செய்வது இதற்காகத்தான். அந்தத் தட்டு இருக்கிறதா என்று வேலை கொடுக்கும் முன் கேளுங்கள். ஓவர்சைஸ் முடிவானதும் பிஸ்டனை வாங்கி, போர் தொடங்குமுன் லேத்காரர் கையில் கொடுங்கள். அவர் ஒவ்வொரு பிஸ்டனின் பாவாடைப் பகுதியையும் அளந்து, தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியைக் கூட்டி, எது எந்தச் சிலிண்டருக்கு என்று எண் எழுதிய பிறகு அறுக்கத் தொடங்கட்டும்.