கணக்குக் கொப்பியும் ஒரு கல்லூரியே

வியாபாரம் கற்கப் பல்கலைக்கழகம் போகவேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அப்படியானால் பேசாலை, வங்காலை, விடத்தல்தீவு மீனவருக்கு அக்கல்வி எட்டாக்கனிதானா?

கனடாவின் நோவாஸ்கோஷியாக் கரையோரத்தில் இதற்கு விடை கிடைத்தது. 1928இல் புனித பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் அருட்பணி மோசஸ் கோடியின் பொறுப்பில் விரிவாக்கப் பகுதியொன்றை நிறுவி, மக்களைத் தேடிச் சென்றது. மீனவர்கள் சிறு குழுக்களாக அயல் வீடுகளில் கூடினார்கள். தங்கள் சிங்கிறாலுக்கு விலை சொல்வது யார், இடையில் போகும் இலாபம் எவ்வளவு என்பவையே அவர்களது பாடங்கள். அப்படிப்பிலிருந்து கூட்டுறவுப் பதனிடும் நிலையங்களும் கடன் சங்கங்களும் பிறந்தன.

நம் கரையில் பலருக்கு, வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் தந்த முதலாளியே மீனின் விலையையும் தீர்மானிக்கிறார். இங்கும் சங்கங்கள் உண்டு. ஆனால் மானியம் வரும்போது மட்டும் கூடினால் போதுமா?

மாதம் இருமுறை பத்துப்பேர் கூடட்டும். கருவாடு போடும் பெண்களும் வரட்டும். எரிபொருள், ஐஸ், வலைத் தேய்மானம், முற்பணக் கழிவு, விற்ற விலை, கொழும்பு விலை ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி ஒப்பிடட்டும். சட்டமோ வங்கி நடைமுறையோ விளங்காவிட்டால் படித்தவரை அழைக்கலாம்; கேள்வி மட்டும் மீனவருடையதாக இருக்கவேண்டும்.

கொப்பி கடனை அடைக்காது. ஆனால் தன் கணக்கை அறியாதவர் கேட்ட விலைக்குக் கொடுப்பார். அறிந்தவர் பேரம் பேசுவார். பத்துப்பேர் சேர்ந்து அறிந்தால், தங்கள் மீனைத் தாங்களே சந்தைக்கு அனுப்பும் வழியும் பிறக்கும்.