பையன் ரேஸ் ஓட்டணுமாம், லோன் கிடைக்குமா?

எங்கள் அபார்ட்மெண்ட்டில் மூன்றாவது மாடியில் ஒரு சேலத்துக்காரர் இருக்கிறார். சாஃப்ட்வேர். பொங்கலுக்குக் கரும்பு எந்த மார்க்கெட்டில் நன்றாக இருக்கும் என்று விசாரித்துக் கொள்ளும் அளவுக்குப் பழக்கம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை யார் ஃபைலோடு வந்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும். பேங்க்காரன் பிழைப்பு அப்படி.

"சார், வீட்டு லோன் மேல டாப்-அப் எடுக்கலாமுங்களா?"

"எடுக்கலாங்க. எதுக்கு?"

"பையனுக்குங்க. ரேஸ் ஓட்டணும்கிறான். படிப்புக்குக் கல்விக் கடன் இருக்கற மாதிரி இதுக்கு ஒண்ணும் இல்லீங்களா?"

இல்லை. ஏதாவது கல்லூரி, ஏதாவது கோர்ஸ், ஒரு அட்மிஷன் கடிதம் இருந்தால்தான் கல்விக் கடன். கார் ரேஸுக்கு யார் அட்மிஷன் கடிதம் தருவார்கள்? அதனால்தான் மனிதர் வீட்டை வைத்துக் கேட்கிறார்.

பையனுக்குப் பதிமூன்று வயது. வாராவாரம் மீகோ கார்டோபியாவில் வாடகை வண்டி எடுத்து ஓட்டுகிறான். நன்றாகவே ஓட்டுகிறான் என்கிறார்கள். என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டால் பளிச்சென்று பதில் வருகிறது: ஃபார்முலா ஒன்.

இந்தப் பதில்தான் எனக்குப் பிரச்சினை. பையனைக் குறை சொல்லவில்லை. நாம் எல்லோரும் சேர்ந்து சொல்லிக் கொடுத்த பதில் அது. அதில் எனக்கும் பங்கு உண்டு. எப்படி என்று சொல்கிறேன்.

நான் கோயமுத்தூர்க்காரன். நரேன் கார்த்திகேயன் எங்கள் ஊர். என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் மூத்தவர். நான் பி.காம். படித்துக் கொண்டு டவுன் பஸ்ஸில் தொங்கிய காலத்தில், 1996-ல், அவர் ஃபார்முலா ஏஷியா சாம்பியன். 2005-ல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன்னுக்குப் போனபோது நான் வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஊர்ப் பாசத்தில் ராத்திரி கண் விழித்துப் பார்த்தேன். அந்த வருடம் அமெரிக்காவில், இண்டியானாபொலிஸில், டயர் தகராறில் பதினான்கு வண்டிகள் ஒதுங்கிக் கொள்ள, மீதி ஆறு வண்டிகளில் நரேன் நான்காவது. ஐந்து பாயிண்ட். மறுநாள் ஆபீசில், "ஆறு பேர் எழுதின பரீட்சையில நாலாவது ரேங்க்" என்று ஜோக்கடித்தவன் நானேதான். எல்லோரும் சிரித்தார்கள்.

2009-ல் இதைவிட மோசம். பிரான்சில் லெ மான் என்ற ஊரில் ஜூன் மாதம் இருபத்து நாலு மணி நேர ரேஸ் நடக்கும். 1923-ல் ஆரம்பித்தது. அதில் கோலஸ் என்ற அணியின் ஆடி ஆர்10 வண்டியில் நரேனுக்கு இடம் கிடைத்தது. டீசல் வண்டி. ரேஸுக்குக் கொஞ்சம் முன்னால் பிட் சுவரைத் தாண்டிக் குதிக்கும்போது தோள்மூட்டு நழுவி விட்டது. ரேஸ் ஓட்டவே முடியவில்லை. "வண்டியில விழாம சுவத்துல விழுந்தாரு நம்மாளு" என்று அதற்கும் சிரித்தோம்.

நாங்கள் சிரித்துக் கொண்டிருந்த அந்த நேரத்தில் அந்த வண்டியில் என்ன நடந்தது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டிய வண்டியை மீதியிருந்த இரண்டு பேர் இருபத்து நாலு மணி நேரமும் ஓட்டி ஏழாவது இடத்தில் கொண்டு வந்து நிறுத்தினார்கள். ஒருவர் சார்ல்ஸ் ஸ்வால்ஸ்மன். இன்னொருவர் ஆந்த்ரே லாட்டரர். ஜெர்மன்காரர். அவருக்கு அதுதான் முதல் லெ மான்.

இந்த லாட்டரரைப் பற்றித்தான் சேலத்துக்காரரிடம் அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினேன். காபி ஆறிப் போனது.

லாட்டரர் சின்ன வயதில் ஜாகுவார் ஃபார்முலா ஒன் அணியில் டெஸ்ட் டிரைவராக இருந்தவர். ரேஸ் சீட் கிடைக்கவில்லை. நம் ஊராக இருந்தால் "பாவம், நல்லாத்தான் ஓட்டுனான்" என்று முடித்திருப்போம். அவர் ஜப்பானுக்குப் போனார். அங்கே வருடக்கணக்காக ஓட்டி 2006-லும் 2009-லும் சூப்பர் ஜிடி சாம்பியன் ஆனார். நடுவில் அந்தக் கோலஸ் வண்டி. அதைப் பார்த்து ஆடி கம்பெனியே தன் அணியில் சேர்த்துக் கொண்டது. 2011 லெ மானில் ஆடி இறக்கிய மூன்று வண்டிகளில் இரண்டு பயங்கரமாக மோதி நொறுங்கின. மிஞ்சிய ஒரே வண்டி லாட்டரர், ஃபாஸ்லர், ட்ரெலுயே மூவருடையது. துரத்தி வந்தது பெஜோ. கடைசி மணி நேரங்களில் லாட்டரர் ஓட்ட, இருபத்து நாலு மணி நேரத்துக்குப் பிறகு வித்தியாசம் சுமார் 14 வினாடி! நம் பிராஞ்சில் டோக்கன் கூப்பிடக்கூட அதைவிட அதிக நேரம் ஆகும் :-)

அதே மூவர் 2012-லும் 2014-லும் ஜெயித்தார்கள். 2012-ல் உலக எண்டியூரன்ஸ் சாம்பியன்ஷிப்பும் அவர்களுக்கே. அதன் பிறகு பன்னிரண்டு வருடம் கழித்து, 2024-ல், நாற்பத்து மூன்றாவது வயதில், போர்ஷ் வண்டியில் லாட்டரர் மறுபடியும் உலக சாம்பியன்.

ஃபார்முலா ஒன்? அதிலும் ஒரே ஒரு முறை ஓட்டினார். 2014-ல் பெல்ஜியத்தில், கேட்டர்ஹாம் வண்டியில். தகுதிச் சுற்றில் தன் அணியின் இன்னொரு டிரைவரை முந்தினார். ரேஸில் ஒரு சுற்று முடிந்ததும் வண்டி நின்று விட்டது. அவ்வளவுதான். அதை வைத்து அவரைத் தோற்றவர் என்று அந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. நம் ஊரில் சொல்லியிருப்போம் என்பதுதான் என் ஆதங்கம்.

நரேனுக்கும் இதைத்தானே செய்தோம். ஃபார்முலா ஒன் முடிந்த பிறகு அவர் ஜப்பானில் வருடக்கணக்காக ஓட்டினார். 2019 நவம்பரில், ஃபுஜி டிராக்கில், ஜெர்மனியின் டிடிஎம் வண்டிகளும் ஜப்பானின் சூப்பர் ஜிடி வண்டிகளும் சேர்ந்து ஓடிய போட்டியில், இரண்டாவது நாள் ரேஸை ஹோண்டா வண்டியில் ஜெயித்தார். வயது 42. நம் வீடுகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே தெரியாது. இண்டியானாபொலிஸ் ஜோக் மட்டும் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

சென்னைக்காரர் கருண் சாந்தோக்கும் அப்படித்தான். 2012-ல் லெ மானில் ரேஸ் ஓட்டிய முதல் இந்தியர் அவர். வண்டி மொத்தத்தில் ஆறாவதாக வந்தது. ஆனால் அவர் பெயரைச் சொன்னால் இங்கே பேச்சு ஃபார்முலா ஒன்னில் எத்தனை நாள் இருந்தார் என்பதில்தான் போய் நிற்கும்.

நிற்க. இந்த ஸ்போர்ட்ஸ் கார் ரேஸ் என்பது என்ன மாதிரி வேலை என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஃபார்முலா ஒன்னில் வண்டி உனக்கு மட்டும். இங்கே ஒரே வண்டி, மூன்று பேர். பேங்க் பாஷையில் கூட்டுக் கணக்கு. நீ எவ்வளவு சேர்த்தாலும் ராத்திரி இரண்டு மணிக்கு உன் கூட்டாளி சுவரில் கொண்டு போய் விட்டால் மூன்று பேருக்கும் பேலன்ஸ் ஜீரோ. சீட்டும் கண்ணாடியும் உனக்கு மட்டும் பொருந்தும்படி வைத்துக் கொள்ள முடியாது, உயரமானவனும் குட்டையானவனும் சமரசம் செய்துகொள்ள வேண்டும். டிராக்கில் வேகமான வண்டியும் மெதுவான வண்டியும் ஒன்றாக ஓடும். மழையோ இருட்டோ, மெதுவான வண்டியை இடிக்காமல் தாண்டிக் கொண்டே இருக்க வேண்டும். (சில்க் போர்டு ஜங்ஷனில் தினமும் ஓட்டுகிறவர்களுக்கு இதில் இயற்கையாகவே திறமை இருக்கும் என்று நினைக்கிறேன்.) ஒரு சுற்றைப் பிரமாதமாக ஓட்டுகிறவனைவிட, நாற்பது சுற்றையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடித்து, டயரைப் பாழாக்காமல் அடுத்தவனிடம் ஒப்படைக்கிறவனுக்குத்தான் மதிப்பு.

இன்னொரு விஷயம், காசு. இந்த ரேஸ்களில் டிரைவர்களுக்கு பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ் என்று நான்கு தரம் உண்டு. நம் கிரெடிட் ரேட்டிங் மாதிரி. பிரான்ஸ் என்றால் பெரும்பாலும் வேறு தொழிலில் சம்பாதித்துவிட்டு ஆசைக்கு ஓட்டுகிறவர். பல பிரிவுகளில் வண்டிக்கு ஒரு பிரான்ஸ் டிரைவர் கட்டாயம். அணிக்குச் செலவு பெரும்பாலும் அவர் பையிலிருந்துதான். கூட ஓட்ட அவருக்கு நல்ல டிரைவர்கள் வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் உண்டு. இது போக ஆடி, போர்ஷ், ஃபெராரி மாதிரி கம்பெனிகள் மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் டிரைவர்கள். ஃபார்முலா ஒன்னில் உலகத்துக்கே இருபது சொச்சம் சீட். லெ மானில் மட்டும் 2025-ல் 62 வண்டி, வண்டிக்கு மூன்று பேர். கணக்கு நீங்களே போட்டுக் கொள்ளுங்கள்.

அஜித் 2025 ஜனவரியில் துபாய் போனாரே, அதுவும் இந்த வகை ரேஸ்தான். பயிற்சியில் விபத்து ஆனதும், தன் அணியின் போர்ஷ் வண்டியை மற்ற மூன்று பேரிடம் விட்டு விலகிக் கொண்டார். அந்த வண்டி அதன் பிரிவில் மூன்றாவது. அவர் கொடி பிடித்து ஓடியதைப் பார்த்து நம் வீடுகளில் சந்தோஷப்பட்டோம். வண்டியை ஓட்டிய அந்த மூன்று பேர் யார் என்று கேட்டவர்கள் குறைவு. எனக்கு அந்த மூன்று பேரின் வேலைதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் சேலத்துக்காரர் பையனுக்குக் கிடைக்கக்கூடியது அந்த வேலைதான்.

இனி நம் பெங்களூர். இந்த ஊர்ப் பையன் அர்ஜுன் மைனி. 2014-ல் இங்கிலாந்தில் பிஆர்டிசி எஃப்4 தொடரில் இரண்டாவது. முதலாவது வந்தவர் ஜார்ஜ் ரஸ்ஸல், பின்னாளில் மெர்சிடிஸில் ஃபார்முலா ஒன் ஓட்டப் போனவர். 2017-ல் பார்சிலோனாவில் ஜிபி3 ரேஸ் ஒன்றை ஜெயித்தார் அர்ஜுன். 2018-ல் ஃபார்முலா டூ. அதற்கு மேல் கதவு திறக்கவில்லை. 2019-ல் ஸ்போர்ட்ஸ் கார் பக்கம் திரும்பி அந்த வருடமே லெ மான் ஓட்டினார். 2021-ல் டிடிஎம்மில் ஓட்டிய முதல் இந்தியர். மெர்சிடிஸில் நான்கு வருடம் ஓட்டி, 2025-ல் ஃபோர்டு மஸ்டாங்குக்கு மாறினார். ஜெர்மனியில் வருடா வருடம் வேலை புதுப்பிக்கப்படுகிறது. இங்கே பேப்பரில் எழுதும்போது மட்டும் "ஃபார்முலா ஒன் வாய்ப்பைத் தவறவிட்ட" என்று ஒரு அடைமொழி. ஐ.ஏ.எஸ். எழுதி வேறு சர்வீஸில் நல்ல பதவிக்குப் போனவரைச் சாகும்வரை "கலெக்டர் ஆகாதவர்" என்று கூப்பிடுவது மாதிரி.

இதில் ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. மைனி குடும்பம் பெங்களூரில் தொழிற்சாலைகள் வைத்திருக்கும் குடும்பம். 2001-ல் இந்த ஊரில் வந்த ரேவா மின்சாரக் காரை உருவாக்கிய சேத்தன் மைனி, அர்ஜுனுடைய சித்தப்பா பெரியப்பா முறை. நரேனின் அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன், தென்னிந்திய ராலியைப் பல முறை ஜெயித்தவர். மாதச் சம்பளக்காரன் வீட்டிலிருந்து யார் போயிருக்கிறார்கள் என்று சேலத்துக்காரர் கேட்டார். என்னால் சட்டென்று ஒரு பெயர் சொல்ல முடியவில்லை.

அதனால் நான் அவரிடம் சொன்னது இதுதான். வீட்டை வைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பாதீர்கள். அங்கே ஒரு சீசன் என்பது கோடிக் கணக்கு, டாப்-அப் லோன் பாதி வருடம்கூடத் தாங்காது. பிறகு பையன் ஒவ்வொரு ரேஸிலும் உங்கள் இ.எம்.ஐ.யைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டுவான். இங்கேயே கார்ட் ஓட்டட்டும். பிறகு இருங்காட்டுக்கோட்டை, எங்கள் ஊர் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே. படிப்பை விட வேண்டாம், முடிந்தால் மெக்கானிக்கல் எடுக்கட்டும், வண்டியோடு பேசத் தெரிந்த டிரைவருக்கு இந்த ரேஸில் தனி மரியாதை. முதலில் ஃபார்முலா ஒன் என்ற வார்த்தையை வீட்டில் கொஞ்ச நாள் நிறுத்துங்கள்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. "நீங்களே இப்படிச் சொன்னா எப்படிங்க சார், பையன் மனசு ஒடஞ்சு போயிருமுங்க" என்றார். நியாயம்தான். நான் சொல்வது தப்பாகக்கூட இருக்கலாம். பதிமூன்று வயதில் பெரிய ஆசைதான் படுவான், யாராவது சின்ன ஆசை படுவார்களா? ஆனால் ஒரு சுற்று மட்டும் ஃபார்முலா ஒன் ஓட்டிய ஒருவர் இரண்டு முறை உலக சாம்பியன் ஆனதைச் சின்ன விஷயம் என்று அந்தப் பையனுக்கு யார் சொன்னது?

போன ஞாயிறு மூன்று பேருமாக டிராக்குக்குப் போனோம். பையன் ஓட்டி முடித்ததும் ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு நேரம் என்று ஒரு சீட்டு பிரிண்ட் போட்டுத் தருகிறார்கள். அப்பா, பழக்க தோஷத்தில், மிகக் குறைந்த நேரத்தைத் தேடிப் பார்த்து விட்டுச் சிரித்தார். நான் சீட்டை வாங்கி ஸ்டேட்மெண்ட் பார்ப்பது மாதிரி வரி வரியாகப் பார்த்தேன். ஐந்தாவது சுற்று அருமை. அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக் கொண்டே போயிருந்தது.

"ஏன்டா தம்பி, கடைசியில மெதுவாயிட்ட?"

"கை வலிச்சுது அங்கிள். அப்புறம் போரடிச்சுது."

பேனாவை எடுத்துக் கடைசி ஆறு சுற்றுக்கும் கீழே கோடு போட்டேன். அடுத்த வாரம் இந்த ஆறும் ஒரே மாதிரி வர வேண்டும், வேகம் குறைந்தாலும் பரவாயில்லை என்றேன். பையன் சீட்டை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக் கொண்டான். திரும்பி வரும்போது காரில், "அந்த லாட்டரர் வீடியோ இருக்கா அங்கிள்?" என்று கேட்டான். அவன் அப்பா ஒன்றும் பேசவில்லை. டாப்-அப் ஃபாரம் இன்னும் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது, கையெழுத்துப் போடாமல்.