கூரைக்கு மூச்சு முட்டுகிறது

குளிரைத் தடுக்கப் பீய்ச்சிய நுரை, வீட்டை விற்க முடியாமல் செய்துவிட்டது

பிரிட்டனில் ஒரு பழைய வீடு கைமாற வேண்டுமானால், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே மூன்றாவதாக ஒருவர் வந்து சேருவார். கடன் கொடுக்கும் நிறுவனம் அனுப்பிய சர்வேயர். கையில் ஏணி, டார்ச் விளக்கு, மரத்தின் ஈரத்தை அளக்கும் ஒரு சின்னக் கருவி. சுவரைத் தட்டிப் பார்ப்பார். ஜன்னலைத் திறந்து மூடுவார். கடைசியில் ஏணியைச் சாத்தி, கூரைக்கு அடியிலுள்ள பரணுக்குள் தலையை நீட்டுவார். கைமரங்கள் கண்ணில் பட்டால் சரி. அவற்றை மூடிக்கொண்டு, உறைந்துபோன நுரை கூரை நெடுக அப்பிக் கிடந்தால், 'மரத்தின் நிலையைப் பார்க்க முடியவில்லை' என்று எழுதிவிட்டு இறங்கிவிடுவார். பல வீடுகளின் விற்பனை அந்த ஒரு வரியோடு நின்றுபோயிருக்கிறது.

அந்த நுரையின் பெயர் ஸ்ப்ரே ஃபோம். பிரிட்டனில் 2,50,000-க்கும் அதிகமான வீடுகளில் அது இருக்கிறது என்பது மதிப்பீடு. 2024-ல் பி.பி.சி. விசாரித்தபோது, நாட்டின் பெரிய வீட்டுக் கடன் நிறுவனங்களில் கால்வாசி, கூரையில் இந்த நுரை உள்ள வீடுகளுக்குக் கடன் தருவதில்லை என்று தெரியவந்தது. மற்றவையும் நிபுணர் அறிக்கை, உத்தரவாதப் பத்திரம், பழைய புகைப்படம் என்று ஏதாவது கேட்கின்றன. இதில் அதிகம் அடிபடுபவர்கள் முதியவர்கள். பெரிய வீட்டை விற்றுச் சின்ன வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தவர்கள். வீட்டின் பேரில் கடன் வாங்கி மிச்சக் காலத்தை ஓட்டலாம் என்று கணக்குப் போட்டவர்கள். மின்கட்டணத்தைக் குறைக்கச் செய்த செலவு, ஆயுள் முழுக்கச் சேர்த்த ஒரே சொத்தை முடக்கிப் போட்டிருக்கிறது.

அவர்கள் ஏமாளிகள் அல்லர். குளிர்நாட்டில் வீட்டுக்குள் உண்டாக்கும் சூடு காசு கொடுத்து வாங்கியது. வெப்பக் காப்பு இல்லாத வீட்டில் அதில் கால் பங்கு கூரை வழியாகவே போய்விடுகிறது. சூடான காற்று இலேசானது, மேலே ஏறும். பரணின் இடுக்குகளில் வெளியேறும். வெளியேறிய இடத்தை நிரப்பக் கீழே கதவிடுக்கில் குளிர்காற்று புகும். வீடே ஒரு புகைபோக்கி மாதிரி வேலை செய்கிறது. 2022-ல் உக்ரைன் போரை ஒட்டி எரிவாயு விலை எகிறியபோது, அந்தப் புகைபோக்கியில் போவது பணம் என்பது எல்லோருக்கும் உறைத்தது.

இடுக்குகளை அடைப்பதில் நுரைக்கு நிகரில்லை. அதன் தாத்தா பாலியூரித்தேன். 1937-ல் ஜெர்மனியின் லெவர்குஸன் நகரில் ஓட்டோ பேயரும் அவருடைய சகாக்களும் கண்டுபிடித்தது. நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் சுவருக்குள் இருப்பதும் இதே வம்சம்தான். கூரையில் அடிக்கும்போது இரண்டு பீப்பாய்கள் வேண்டும். ஒன்றில் ஐசோசயனேட், மற்றதில் பாலியால் கலவை. சூடேற்றிய குழாய்களில் இரண்டும் தனித்தனியே வந்து துப்பாக்கி முனையில் கலக்கும். மரத்தில் பட்ட சில விநாடிகளில் உப்பி, இறுகிவிடும். திறந்த கண்ணறை நுரை மெத்தென்றிருக்கும், சுமார் நூறு மடங்கு உப்பும், நீராவியை ஓரளவு கடக்க விடும். மூடிய கண்ணறை நுரை கெட்டி, சுமார் முப்பது மடங்கு உப்பும், சில அங்குலக் கனத்திலேயே ஆவியைத் தடுத்துவிடும். வெப்பத்தைத் தடுக்கும் ஆற்றல், அங்குலத்துக்கு அங்குலம், முன்னதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு.

அடிக்கிறவர் முழு உடுப்பும், வெளியிலிருந்து காற்று வரும் முகமூடியும் அணிந்திருப்பார். ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. வீட்டிலுள்ளவர்கள் வெளியேற வேண்டும், பெரும்பாலும் ஒரு நாளாவது. இரண்டு திரவங்களின் விகிதம் பிசகினால் நுரை சரியாக இறுகாது. மீன் வாடை போல ஒன்று மாதக்கணக்கில் வீட்டைவிட்டுப் போகாது. உப்ப வைக்கும் வாயுவுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஓசோன் படலத்தை அரித்த வாயுக்கள் 1987-ன் மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாக விலக்கப்பட்டன. நுரைத் தொழிலில் அவற்றுள் ஒன்றான எச்.சி.எஃப்.சி.-141பி-யை இந்தியா 2020 தொடக்கத்தோடு கைவிட்டது.

இத்தனைக்கும் பிறகு பழைய கூரைக்கு என்ன கேடு? பதில் வீட்டிலுள்ளவர்கள் விடும் மூச்சிலேயே இருக்கிறது. சமையல், குளியல், துணி உலர்த்தல், மூச்சு எல்லாமாகச் சேர்ந்து ஒரு குடும்பம் நாளொன்றுக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீரை ஆவியாகக் காற்றில் கலக்கிறது. அறையில் 20 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் இருந்தால், ஏறக்குறைய 9 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அந்த ஆவி நீராகப் படியும். ஜனவரி இரவில் கூரை மரம் அதைவிடக் குளிர்ந்துதான் இருக்கும். பழங்காலக் கொத்தனாருக்கும் தச்சருக்கும் இந்தக் கணக்குத் தெரியாது. ஆனால் விடை தெரியும். ஸ்லேட் ஓடுகளுக்கு நடுவேயும் இறவாரத்திலும் இடுக்கு விட்டு வைத்தார்கள். ஈரம் படிந்தாலும் காற்று வந்து உலர்த்திவிடும். நூறு வருஷத்துக் கைமரங்கள் இன்றும் நிற்பதற்கு அந்த இடுக்குகளே காரணம்.

நுரை செய்யும் முதல் காரியம் அந்த இடுக்குகளை அடைப்பது. நுரைப் படலத்தில் ஒரு விரிசல் இருந்தால்கூட அறையின் சூடான ஈரக்காற்று அதன் வழியே போய்க் குளிர்ந்த மரத்தைத் தொடும். தொட்ட ஈரம் உலர வழியில்லை. மேலே ஓர் ஓடு நகர்ந்து மழைநீர் இறங்கினாலோ, முன்பு மச்சில் கறை தெரியும், ஆளைக் கூப்பிடலாம். இப்போது நுரைக்குப் பின்னால் தண்ணீர் தேங்குவது யாருக்கும் தெரியாது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை கவனிக்கத் தொடங்கும். பிறகு மரம் உளுத்துப்போக நாளாகாது. ஓட்டின் அடிப்புறத்திலேயே நேராக நுரை அடித்திருந்தால் இன்னும் மோசம். ஓடும் ரீப்பரும் நுரையும் ஒரே கட்டியாகிவிடும். ஓர் ஓட்டை மட்டும் மாற்றுவது இயலாத காரியம்.

நுரை அடித்த எல்லாக் கூரையும் உளுத்துவிடுகிறதா? இல்லை. பல கூரைகள் நன்றாகவே இருக்கின்றன. எது நன்றாயிருக்கிறது, எது உளுத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாததுதான் கடன் நிறுவனத்தின் சங்கடம். முப்பது வருஷத்துக்குப் பணம் கொடுப்பவர், கண்ணுக்குத் தெரியாத மரத்தை நம்பிக் கொடுப்பாரா? ஒரு வீட்டின் குற்றம் எல்லா வீட்டின் மீதும் விழுகிறது.

அரசும் கை கழுவ முடியாது. 2020 செப்டம்பரில் இங்கிலாந்தில் பசுமை இல்லங்கள் மானியத் திட்டம் தொடங்கியது. செலவில் மூன்றில் இரண்டு பங்கு, 5,000 பவுண்ட் வரை அரசு தரும். வருமானம் குறைந்தவர்களுக்கு 10,000 பவுண்ட் வரை முழுச் செலவும். கூரை நுரைக்கும் அதில் இடம் கிடைத்தது. 150 கோடி பவுண்டில் 6 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. ஆறு மாதத்தில், 2021 மார்ச் கடைசியில், திட்டம் மூடப்பட்டது. சுமார் 47,500 வீடுகள்தான் தேறும் என்றது தேசியத் தணிக்கை அலுவலகம். அரசே காசு தருகிறது என்ற சொல், வாசலில் வந்து நிற்கும் விற்பனையாளருக்கு எத்தனை வசதி! சர்வேயர்களின் அமைப்பான ஆர்.ஐ.சி.எஸ். நுகர்வோருக்கான வழிகாட்டியை வெளியிட்டது 2023-ல்தான். அதற்குள் நுரை இறுகிவிட்டது.

இது கனடா ஏற்கெனவே பார்த்த நாடகம். 1970-களின் எண்ணெய் நெருக்கடியில் அங்கும் அரசு உதவியோடு வீடுகளுக்கு வெப்பக் காப்பு செய்தார்கள். அப்போதைய நுரை வேறு. யூரியா ஃபார்மால்டிஹைடு. சுவருக்குள் ஊற்றினார்கள். அதிலிருந்து வரும் வாயுவால் கண்ணெரிச்சல், மூச்சுத் தொல்லை என்று புகார் கிளம்ப, 1980 டிசம்பரில் அரசு அதைத் தடை செய்தது. வீட்டு விலைகள் சரிந்தன. அகற்றுவதற்கும் அரசே உதவிப் பணம் தந்தது. கியூபெக்கில் வீட்டுக்காரர்கள் தொடுத்த பெரிய வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 1991-ல் அவர்களுக்குப் பாதகமாக முடிந்தது. அந்த வாயு காலப்போக்கில் குறைந்துவிடுகிறது என்று பின்னர் தெளிவாயிற்று. ஆனாலும் ஒன்டாரியோவின் வீட்டு விற்பனை ஒப்பந்தப் படிவத்தில், இந்த வீட்டில் அந்த நுரை இல்லை என்று விற்பவர் உறுதி சொல்லும் வாசகம் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் நீடித்தது. விஞ்ஞானம் விடுதலை செய்த பிறகும் சந்தை மன்னிக்கவில்லை.

அதே கனடாவில், பிரிட்டனைவிடக் கடுங்குளிரில், இன்று பாலியூரித்தேன் நுரை சாதாரணமாகப் பயன்படுகிறது. வித்தியாசம் நுரையில் இல்லை, முறையில். எந்த நுரை, எத்தனை கனம், யார் அடிக்கலாம் என்பதற்கு அங்கே தரவிதிகள் உண்டு. அமெரிக்கக் கட்டட விதிகளும் காற்றோட்டமில்லாத பரணை அனுமதிக்கின்றன. ஆனால் குளிர் கூடக் கூட நுரையின் கனமும் கூட வேண்டும். நுரையின் உட்பரப்பு வெதுவெதுப்பாகவே இருந்தால்தான் ஆவி நீராகாது. அளவெடுத்துத் தைத்த சட்டை அது. பிரிட்டனில் அதையே எல்லோருக்கும் ஒரே அளவில் மாட்டிவிட்டார்கள்.

இப்போது இரண்டாவது வியாபாரம் சூடு பிடித்திருக்கிறது. நுரையைச் சுரண்டி எடுக்கும் வியாபாரம். கூரையை ஆராயாமலே 'உடனே எடுக்காவிட்டால் வீடு விழுந்துவிடும்' என்று தொலைபேசியில் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அடிக்க ஆன செலவைவிட எடுக்க ஆகும் செலவு அதிகமாவதும் உண்டு. அவசரத்தில் சுரண்டினால் மரமும் சேர்ந்து போகும். முதலில் சுயேச்சையான சர்வேயரைக் கொண்டு நுரையை அங்கங்கே வெட்டி, மரத்தின் ஈரத்தை அளந்து பார்ப்பதே விவேகம். ஈரம் இல்லாத கூரைக்கு அந்த அறிக்கையே ஆதாரம்.

இன்னும் அடிக்காதவர்களுக்கு வழி எளிது. பரணின் தரையில் 270 மில்லிமீட்டர் கனத்துக்குக் கனிமப் பஞ்சை விரிப்பது. இறவாரத்து இடுக்கை அடைக்காமல் விடுவது. பரணுக்கு ஏறும் கதவின் விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டுவது. நுரையைவிடச் செலவு குறைவு. சர்வேயர் எப்போது வந்து டார்ச் அடித்தாலும் கைமரம் தெரியும். நுரைதான் வேண்டும் என்பவர்கள், விற்பவரின் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், தங்கள் கடன் நிறுவனத்துக்கு ஒரு போன் செய்து கேட்டுவிடலாம். 2020-ல் மானியத்தை நம்பியவர்களுக்கு அப்படிக் கேட்கச் சொல்லித்தர யாரும் இருக்கவில்லை.